தொண்ணூற்றொன்பதாம் நம்பர் திருகாணி

துவக்குத் திருத்தும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அத்தனை வருடத்தில் நான் தொலைத்தது ஒரேயொரு சாமான்தான். சுண்டுவிரல் நீளத் திருகாணி.

பட்டறை ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. முதலாளி ஹெர் ரைமர்ஸ். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த எனக்கு, ஜெர்மனியில் கிடைத்த அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, துவக்குத் திருத்துவது. கோயிலில் இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

எங்களிடம் வேட்டைக்காரர் வருவார்கள், சுடும் கழகத்தார் வருவார்கள். அவர்களுக்குத் துவக்கு சுட்டால் போதும். மூன்றாவது கூட்டம் சேகரிப்பாளர்கள். அவர்கள் சுடவே மாட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஹெர் கோர்ட்டெ அந்த மூன்றாவது கூட்டம். ஓய்வுபெற்ற பல்வைத்தியர். 98 என்ற பழைய மாடல் ராணுவத் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். மரத்தில் வெடிப்பு, அதை ஒட்டவேண்டும். அந்தக் காலத்தில் ஆலையிலேயே துவக்கு இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைச் சின்னச் சின்னச் சாமான்களிலும் அடித்துவிடுவார்கள், திருகாணித் தலையில்கூட. இவருடையது 99. அடுத்த மாதம் சங்கக் கண்காட்சியில் அதைக் கழற்றி மேசையில் பரப்பப் போவதாகச் சொன்னார். எண் மாறிய சாமான் ஒன்று இருந்தாலும் மற்றவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள், மனிதர் வெளியே தலைகாட்ட ஏலாது.

மரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்கத் திருகாணியைக் கழற்றிய நேரம் தொலைபேசி அடித்தது. ஆணியை மேலங்கிப் பைக்குள் போட்டேன். மேலங்கி அன்று மாலை சலவைக்குப் போய்விட்டது. மறுநாள் காலை சலவைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பைக்குள் ஒரு சீப்பும் இரண்டு பரசிற்றமோலும் இருந்தனவாம். வேறு ஒன்றுமில்லை.

ஹெர் ரைமர்ஸ் சத்தம் போடவில்லை. எண் இல்லாத ஆணி ஒன்றையும் நம்பர் பஞ்ச் பெட்டியையும் எனக்கு முன்னால் வைத்தார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“ஒன்பதை ரெண்டு தரம் அடியுங்கோ, ஃப்ராவ் சிவா. கதை முடிஞ்சுது.”

“ஏலாது” என்றேன். நல்ல மனசெல்லாம் காரணமில்லை. ஹெர் கோர்ட்டெயின் கண் முப்பது வருடம் மற்றவர் வாய்க்குள் பொட்டளவு ஓட்டைகளைத் தேடிய கண். பிடிபடுவேன் என்ற பயம்தான்.

அப்படியென்றால் நீங்களே தேடுங்கள், அடுத்த வெள்ளி அவர் வருகிறார் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

தேடினேன். ஒரு வியாபாரியிடம் பன்னிரண்டு ஆணிகள் இருந்தன, ஒன்றும் 99 இல்லை. இன்னொருவர் 47 இரண்டு இருக்கிறது, அது சரிவருமா என்று கேட்டார். ஒருவர் யூகோஸ்லாவிய ஆணி அனுப்பினார். பார்த்தால் அதே ஆணி, பூட்டினால் கட்டை. இணையத்தில் ஒரு 99 அகப்பட்டது. வந்து சேர்ந்தபோது எண்ணின் விளிம்பு விரலைக் கீறியது, போன கிழமைதான் அடித்திருப்பார்கள்.

கடைசியாக ரவியைக் கூப்பிட்டேன். என் சின்னம்மாவின் மகன். இறந்தவர்களின் வீடுகளை ஒதுக்கிக் கொடுப்பது அவன் தொழில். பழைய துவக்குச் சாமான் ஏதும் கிடந்தால் எனக்குக் கொண்டுவா என்றேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, நான் ட்ராமுக்கை நிக்கிறன். பக்கத்திலை ரெண்டு தமிழாக்கள். வைக்கிறன்.”

அவன் வைத்தும் பயனில்லை. என் குரல் பெரிது. ஞாயிறு கோயிலில் மூன்று பெண்கள் வழமைக்கு மாறான அன்போடு சுகம் விசாரித்தார்கள். ஒருத்தி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நாட்டில் திரும்பவும் ஏதும் தொடங்குகிறதா என்று கேட்டாள்.

“ஓம். ஆனா ஒரு ஸ்குறூ குறையுது” என்றேன்.

புதன்கிழமை ரவி ஒரு ஜாம் போத்தல் நிறையத் திருகாணியும் சுருளியும் கொண்டுவந்தான். யாரோ ஒருவரின் நிலவறையில் கிடந்ததாம். குழலோ சுடுபொறியோ இருந்திருந்தால் பொலிசுக்குத்தான் சொல்லவேண்டும், அது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தட்டில் கொட்டிக் கிளறினேன். ஒன்று சரியான நீளம், சரியான கறுப்பு, தேய்ந்த பழைய முத்திரை. எண் 66.

வேறு வழியில்லாமல் பூட்டிப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அப்போது மேசையின் மறுபக்கம் வந்து நின்ற ஹெர் ரைமர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, 99 எங்கே அகப்பட்டது என்று கேட்டார். நான் சுற்றிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 99தான். வட்டத் தலைக்கு மேலேது, கீழேது?

வெள்ளிக்கிழமை ஹெர் கோர்ட்டெ கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தைத் தடவினார், ஆணியைப் பார்த்தார், தலையாட்டினார். முதலாளி என்னைப் பார்த்து வாயை மூடு என்று கண்ணால் காட்டினார். நானும் மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் மனிதர் என் கையைப் பிடித்து, உங்களை நம்பித்தான் இதைக் கொடுத்தேன் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“உங்கடை முன் ஆணியை நான் துலைச்சுப்போட்டன், ஹெர் கோர்ட்டெ. இது வேறை. திருப்பிப் பாருங்கோ, 66.”

முதலாளிக்கு உடனே பின்னறையில் அவசர வேலை வந்துவிட்டது. ஹெர் கோர்ட்டெ துவக்கைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். கழுத்து சிவந்தது. நான் மன்னிப்புக் கடிதத்தையே மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

“துலைஞ்சது அசல் இல்லை” என்றார் மெதுவாக. “வாங்கேக்கை அந்த ஆணி இல்லை. வீட்டுக் குசினி மேசையிலை வைச்சு வேறை ஆணியிலை 99ஐ நானே அடிச்சனான்.”

பிறகு கண்ணாடியை அழுத்திப் பிடித்து அந்த 66ஐ நெடுநேரம் பார்த்தார். இது ஆலையில் அடித்த முத்திரை, இதில் சந்தேகமேயில்லை என்றார். பின்னறையிலிருந்து முதலாளியின் சிரிப்புக் கேட்டது. சங்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டு, துவக்கைப் பிள்ளையைப்போல் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சாமானைத் தொலைத்தால் அன்றைக்கே சொந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால், அவரே வீட்டுக்குப் போய் இன்னொன்று அடித்துக்கொண்டு வந்திருப்பார்.