கரியாலூர்க் கண்ணாளனுக்கு மூன்று நட்சத்திரம்

லைன்மேன் கலைவாணனுக்கு நாற்பத்தாறு வயது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பிறந்து, வெள்ளிமலையிலேயே குடியிருந்து, பத்தொன்பது வருஷமாகக் கல்வராயன் மலையில் மின்கம்பம் ஏறுகிறவர். காக்கிச் சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் இரண்டு போன்களும் வைத்திருப்பார். ஒரு போன் அவருடையது. மற்றதில்தான் அவர் காதல் கதைகளுக்கு விமர்சனம் எழுதுவார். அதுவும் சாதாரணக் காதல் இல்லை. காலேஜ் சேர்ந்த பெண்ணுக்கும் செத்துப்போன வாலிபனுக்கும் வருகிற காதல். அந்த வகைக் கதைகளை போனில் படிக்கிறவர்களில் நாலாயிரம் பேர் அவருடைய தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். இது அவருடைய ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாலாயிரம் பேருக்கும் கலைவாணன் என்று ஒரு ஆள் இருப்பது தெரியாது. அவர்களுக்கு அவர் எழில்மதி அக்கா.

இதில் மோசடி எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் இருக்கிறது.

எழில்மதி அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி அடுக்கிய பிறகு கதை படிப்பாள். தினம் ஒரு அத்தியாயமாக போனில் வரும் தொடர்கதைகள். பேய் இல்லாத கதையை அவள் தொட மாட்டாள். சாப்பாடு முடிந்ததும் அன்றைய அத்தியாயத்தைக் கணவருக்கு ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு "ம்" கொட்டுவார். பதினோரு வருஷம் கொட்டியிருக்கிறார். ஒரே ஒரு தடவை மட்டும் வாய் திறந்து கேள்வி கேட்டார்.

"அந்தப் பேய்க்கு மீசை இருக்கா?"

"இவ்ளோ நேரம் நான் சொன்னதுல இதத்தான் கேட்டீங்களா?" என்று எழில்மதி விக்கல் வரும் வரைக்கும் சிரித்தாள். மறுநாளும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். இருந்தாலும் பதில் அவளுக்கும் தெரியவில்லை. எழுதுகிறவள் இன்னும் சொல்லவில்லையாம்.

அந்தக் கதையின் பெயர் 'கரியாலூர்க் கண்ணாளன்'. எழுதியவள் சுபஸ்ரீ, திருக்கோவிலூர்க்காரி, பத்தொன்பது வயது, காலேஜ் இரண்டாம் வருஷம். லீவுக்குக் கரியாலூர் வரும் யாழினி என்ற பெண், பாழடைந்த பங்களாவில் ஒரு பெயரை வாசித்து உரக்கச் சொல்லிவிடுகிறாள். அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்த ஆதவ் எழுந்து வந்துவிடுகிறான். அப்புறம் போக மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழில்மதி ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே இரண்டு வரி எழுதுவாள்: "அழுதுட்டேன் சுபா. நாளைக்கும் எழுது." முப்பத்தொரு அத்தியாயத்துக்கும் இதே இரண்டு வரிதான். கடைசியாக எழுதியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து. மூன்று வாரக் காய்ச்சல், அதோடு முடிந்துபோனது.

கருமாதி கழிந்த மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் மணி அடித்தது. 'எழில்மதி, உங்களுக்காகப் புதிய அத்தியாயம் காத்திருக்கிறது.' காலேஜ் பரீட்சைக்காக மூன்று வாரம் நிறுத்திவைத்திருந்த கதையை சுபஸ்ரீ அன்றுதான் மறுபடி தொடங்கியிருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன், "அம்மா நம்பர் இனிமே எதுக்குப்பா, கட் பண்ணிடலாம்" என்று அன்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கலைவாணன் மணியை நிறுத்தத்தான் போனை எடுத்தார். எங்கேயோ அமுக்க, முப்பத்திரண்டாம் அத்தியாயம் திறந்துகொண்டது. படித்தார். நாலாவது பத்தியில் ஆதவ் தன் அரும்பு மீசையைத் தடவினான்.

மீசை இருந்தது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கதைக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது.

கலைவாணனுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் பழுது அறிக்கை. அந்த நடையிலேயே எழுதினார். "கதாநாயகனுக்கு மீசை உண்டு என்பது இந்த அத்தியாயத்தில் உறுதியாகிறது. நன்றி. இவர் வரும்போதெல்லாம் பல்பு மினுக்குகிறது. நியூட்ரல் லூசாக இருந்தாலும் மினுக்கும். கதாநாயகி முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். கரியாலூரில் இப்படி ஒரு பங்களா இல்லை. இருந்தால் சர்வீஸ் நம்பர் தெரிவிக்கவும். மூன்று நட்சத்திரம்."

ஒரு வாசகி கேட்டாள்: "அக்கா, மூணு வாரமா காணோமே, உடம்பு சரியில்லையா?" அவர் "ஆமாம்" என்று பதில் போட்டார். அதில் பொய் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா காய்ச்சலில் இருந்து எழுந்து வேறு ஆளாக வந்துவிட்டாள் என்று வாசகர்கள் பேசிக்கொண்டார்கள். முந்நூறு பேர் பின்தொடர்ந்த இடத்தில் நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். அடுத்தடுத்த அத்தியாயங்களுக்கும் அறிக்கை வந்தது. "ஆதவ் சாமை அடிக்கும் களத்தில் செருப்போடு நடக்கிறார். செத்தவராக இருந்தாலும் மலையில் பிறந்தவர் களத்தில் செருப்பு போட மாட்டார்." "ஆதவ் 'அஞ்சாதே, அன்பே' என்கிறார். எங்கள் பக்கத்தில் இப்படி யாராவது பேசினால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள்." "டிரான்ஸ்பார்மர் அடியில் முத்தம். வேலிக்கு வெளியே வைத்துக்கொள்ளவும்." எல்லாவற்றுக்கும் மூன்று நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் போடும்படியாக எந்த வேலையும் அவர் சர்வீசில் பார்த்ததில்லை.

சுபஸ்ரீ கோபப்படவில்லை. நாற்பதாம் அத்தியாயத்தில் பங்களாவுக்கு சர்வீஸ் நம்பர் வந்தது. நாற்பத்திரண்டில் ஆதவ் செருப்பைக் களத்துக்கு வெளியே விட்டுவிட்டு நடந்தான். கலைவாணனுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எழில்மதியிடம் பேசுகிறவர்கள் உலகத்தில் இன்னும் நாலாயிரம் பேர் இருந்தார்கள். "அக்கா சாப்டீங்களா" என்று கேட்டார்கள். அவர் அவளுக்காக, "சாப்டேன்மா" என்றார். தன் போனில் சார்ஜ் இல்லாமல் போனாலும் அவள் போனில் நூற்றுக்கு நூறு இருக்கும்.

இப்படியே போயிருக்கும். கதைக்கு முடிவு என்று ஒன்று இருந்ததுதான் வினை.

ஒரு வியாழக்கிழமை. கரியாலூர் போகும் வழியில் மரக்கிளை முறிந்து கம்பி மேல் கிடந்தது. கலைவாணன் சப்ஸ்டேஷனுக்குப் பேசினார். அங்கே ஆபரேட்டர் மலர்விழி சப்ளையை நிறுத்தி, அவர் பெயரில் லைன் கிளியர் கொடுத்தாள். எல்.சி. என்பார்கள். ஒரு ஆள் கம்பியில் கை வைக்கிறார், அவர் சொல்லும் வரை அதில் கரண்ட் விடுவதில்லை என்ற வாக்கு அது. பதினோரு மணிக்குக் கிளையை வெட்டிப் போட்டுக் கம்பியைச் சரிசெய்து, பாதுகாப்புக்காக அதில் மாட்டியிருந்த எர்த் கம்பியையும் எடுத்தாயிற்று. கூட வந்தவர்களை அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கினார். தன் போன் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. சட்டைப் பையில் இருந்த போன் மணி அடித்தது.

சுபஸ்ரீ எழுதியிருந்தாள். கதையைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். பின் அட்டையில் எழில் அக்காவின் விமர்சனமும் போட்டோவும் வர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்க்க வரட்டுமா? அதோடு, அறுபதாம் அத்தியாயத்தோடு கதை முடிகிறது. ஆதவ் இருக்கட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 'எனக்கு உங்க முடிவுதான்கா முக்கியம். அவன் இருக்கட்டுமா, போகட்டுமா?'

கலைவாணன் பாறையில் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து யாரும் எழில்மதியைச் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பாள். 'அக்காவுக்கு மறுபடி காய்ச்சல்' என்று தட்டினார். அழித்தார். 'அவன் இருக்கட்டும்' என்று தட்டினார். அதையும் அழித்தார். தலை நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

வண்டிப் பெட்டியைத் திறந்தார். இருபத்தேழு மிஸ்டு கால். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார்.

"அண்ணே, உயிரோடதான் கீறீங்களா?" என்றாள் மலர்விழி.

"கீறேம்மா. வேலை பதினோரு மணிக்கே முடிஞ்சிட்டுது."

"முடிஞ்சிட்டுதா? இங்க நாலு ஊருக்காரங்களும் என்னைத் திட்டிக்கினு இருக்காங்கண்ணே! மாவு மில்லுக்காரரு அழுவாத குறை. ஃபோர்மேன் கந்தசாமி சாரு வேற, இந்நேரம் முடிஞ்சிருக்கும், போட்டு வுடும்மான்றாரு."

"போட்டுட்டியா?"

"எப்டிண்ணே போடுவேன்? எல்.சி. வாங்கினது நீங்க. நீங்க உங்க வாயால சொல்லணும். யாரு சொன்னாலும் நான் சுச்சைத் தொட மாட்டேன். சாயந்தரம் வரைக்கும்னாலும் ஒக்காந்துக்கினுதான் இருப்பேன். எனக்கு இன்னா வேற வழி?"

கலைவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கரண்ட் விடுவதற்காக ஆயிரம் தடவை சொன்னதைச் சொன்னார். "வேலை முடிஞ்சிது. ஆளுங்க எல்லாம் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைன் சார்ஜ் பண்ணலாம்."

"இவ்ளோதானேண்ணே! இதச் சொல்லவா ரெண்டரை மணி நேரம்?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவர் அங்கேயே நின்றார். எழில்மதி செத்து ஒன்றரை மாசம் ஆகிறது. சொல்ல வேண்டிய ஆள் சொல்லாததால் அவள் அந்த போனுக்குள் உட்கார்ந்துகொண்டே இருக்கிறாள். மகன் சொல்லி ஆகாது, போன் கம்பெனிக்காரன் சிம்மை நிறுத்தி ஆகாது. பாறையில் மறுபடி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு சுபஸ்ரீக்குப் பதில் எழுதினார்.

"ஆதவ் போக வேண்டும். தானாகப் போகக் கூடாது. மந்திரவாதி வந்து அனுப்பவும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் யாழினி. முடிந்தது என்று அவள்தான் தன் வாயால் சொல்ல வேண்டும். ஞாயிறு பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஆள் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார். திருக்கோவிலூர் பஸ்ஸிலிருந்து மல்லிகைப் பூவும் ஆப்பிளும் கையில் வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். கலைவாணன் எதிரே போய் நின்றார்.

"சுபஸ்ரீயாம்மா?"

"ஆமா சார். நீங்க?"

"எழில்மதி வூட்டுக்காரரு."

"அக்கா வரலையா?"

அவர் சொன்னார். கம்பத்தில் பழுது சொல்வதுபோலத்தான் சொல்ல வந்தது. காய்ச்சல், தேதி, முப்பத்தொன்றாம் அத்தியாயம், அதற்கப்புறம் எழுதியது யார் என்பது வரைக்கும். சுபஸ்ரீ பூப்பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர் கலைவாணனை முறைத்துப் பார்த்தார். கலைவாணன் இரண்டு டீ சொன்னார்.

டீ வந்த பிறகு அவள் கேட்டாள். "அப்ப அந்த நியூட்ரல் லூசு, களத்துச் செருப்பு, எல்லாம் நீங்களா?"

"தப்புதாம்மா. வூட்ல சொல்றதுக்கு ஆளு இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பின்னட்டையில இன்னா போடட்டும் மாமா?"

மாமா என்று அவள் கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது. அக்கா புருஷனை வேறு என்னவென்று கூப்பிடுவது. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அவ எழுதினதையே போடும்மா. அந்த ரெண்டு வரிதான். போட்டோ வேணாம்."

பூவை அவரிடமே கொடுத்துவிட்டு சுபஸ்ரீ பஸ் ஏறினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அறுபதாம் அத்தியாயம் வந்தது. எழில்மதி படத்துக்கு மல்லிகையைப் போட்டுவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். யாழினி சொன்னாள். ஆதவ் போனான். கலைவாணன் கட்டத்தைத் திறந்தார்.

"முடிவு சரியாக உள்ளது. பல்பு ஒரே சீராக எரிகிறது. இந்தக் கணக்குக்கு உரிய எழில்மதி ஐப்பசி மாதம் காலமானார். முப்பத்திரண்டு முதல் எழுதியவன் அவர் கணவன் கலைவாணன், லைன்மேன், வெள்ளிமலை. மன்னிக்கவும். என் பங்குக்கு மூன்று நட்சத்திரம். அவள் இருந்தால் ஐந்துதான் போடுவாள். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும் என்பதால் ஐந்து. அழுதுட்டேன் சுபா. வேலை முடிந்தது. ஆட்கள் எல்லாம் இறங்கியாயிற்று. எர்த் எடுத்தாயிற்று. லைன் சார்ஜ் செய்யலாம்."

அனுப்பிவிட்டு போனை அவள் படத்துக்குக் கீழே வைத்தார். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் அவர் எடுத்துப் பார்க்கவில்லை, சார்ஜரையும் செருகவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் சோற்றுக்கு வந்தபோதும் அது மணி அடித்துக்கொண்டிருந்தது. பழைய பேட்டரி, அவ்வளவு நேரம் தாங்கியதே அதிகம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பிக் கை கால் கழுவிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்று பார்த்தார். அது அடிக்கவில்லை.