வின்சன்ட் அண்ணையின் கதவு

"ஆர்?"

"நான்தான் அண்ணை."

"நான் எண்டா ஆர்?"

"றஜிந்தன்."

"எந்த றஜிந்தன்?"

பதினொரு வருடமாகக் காலை ஆறு ஐம்பதுக்கு, இவரை வேலைக்கு என் காரில் ஏற்றிப்போக, இதே கதவின் முன்னால் வந்து நிற்கிற றஜிந்தன். மொன்ட்ரியால்-நோரில் வீட்டுக்கு வெளியாலே மாடிக்கு ஏறுகிற இரும்புப் படிகள் இருக்கின்றனவே, மார்கழி பிறந்தால் அதன் ஒவ்வொரு தட்டிலும் பனிக்கட்டி. மைனஸ் இருபதிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் என் பெயரைச் சொல்ல வேண்டும். ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகும். ஒரு கண் என்னை மேலும் கீழும் பார்க்கும். பிறகு பூட்டு, பிறகு அவராகவே வாங்கிப் பொருத்திய இன்னொரு பூட்டு, பிறகு தாழ்ப்பாள், கடைசியாகச் சங்கிலி. ஒரு நாள் பொறுமை இழந்து "கனடாப் பிரதமர் வந்திருக்கிறன்" என்றேன். அன்றைக்குக் கதவு திறக்க இன்னும் மூன்று நிமிடம் பிடித்தது.

திறந்தாலும் வின்சன்ட் அண்ணை உடனே புறப்பட மாட்டார். குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற ஏழு போத்தல்களிலும் இருக்கிற நேற்றைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். நாலு பக்கமும் ஆறு ஓடுகிற தீவில் இருந்துகொண்டு, தண்ணீர் எந்த நேரமும் நின்றுபோகும் என்று காத்திருக்கிற மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை. அலுமாரியில் இரண்டு பெட்டி மெழுகுதிரி. சட்டைப்பையில், பொலித்தீன் பைக்குள், குடியுரிமை அட்டையும் சுகாதார அட்டையும் ஞானஸ்நானச் சான்றிதழின் பிரதியும். வாசலில் வைத்து என்னுடைய பையையும் தட்டிப் பார்ப்பார்.

"ஐசி வச்சிருக்கிறியே?"

ஊரில் அடையாள அட்டைக்குச் சொன்ன பெயர் அது. இந்த நகரத்தில் என்னிடம் எந்தப் பொலிஸ்காரனும் அதைக் கேட்டதில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "கேக்கிற அண்டைக்குத் தெரியும்" என்பார்.

இப்படிப்பட்டவருக்குக் கதவு திறப்பதே தொழிலாக வாய்த்ததை என்னவென்று சொல்வது. துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு களஞ்சியத்தில் இருவரும் வேலை. நான் போர்க்லிப்ட் என்கிற பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறேன். கொள்கலன் வந்து நின்றதும் பெரிய கத்தரியால் அதன் சீல் முத்திரையை வெட்டிக் கதவைத் திறந்து விடுவது அவர் பொறுப்பு. வெட்டுவார். உடனே திறக்க மாட்டார். விரல் முட்டியால் இரும்பில் மூன்று தரம் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அதற்குப் பிறகுதான் நெம்புகோலில் கை வைப்பார். எங்கள் ஹெயிட்டிக்கார மேற்பார்வையாளர், "வின்சன்ட், உள்ளே இருக்கிறவர்கள் பொஞ்சூர் என்று வணக்கம் சொன்னார்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சிரிப்பார். ஒரு கொள்கலனுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நாளுக்கு எத்தனை நிமிடம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாரந்தூக்கியில் இருப்பேன்.

இவருடைய ஒரே மகள் லக்சனா, இருபத்தேழு வயது, கொரியாவுக்குப் போய் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன் என்றபோது வீடு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வடக்கு தெற்கு எண்டு பிரிஞ்சு, நடுவிலை முள்ளுக்கம்பி போட்ட நாடு. உதுக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்?" என்று ஒரு மாதம் முழுக்க என் காரில் வைத்துப் புலம்பினார். அவள் போய்ச் சியோலில் மூன்றாவது வருடமும் நடந்துகொண்டிருந்தது. "ஒண்டும் நடக்கேல்லைத்தானே அண்ணை" என்று நான் அடிக்கடி சொல்வேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு டிசம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை. எங்களுக்குக் காலை எட்டரை, சியோலில் அப்போது இரவு. அந்த நாட்டு ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டம் என்று அறிவித்துவிட்டார். வடக்குக்குத் துணைபோகிறவர்களை ஒழிக்கப் போகிறாராம். களஞ்சியத்தில் வைத்து நான் செய்தியை வாசித்துக் காட்டினேன். வின்சன்ட் அண்ணையின் முகத்தில் பயத்தோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சின்னத் திருப்தியும் தெரிந்தது. முப்பது வருடமாக நிரப்பி வைத்த தண்ணீருக்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி.

"வடக்கு எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், ஆரையும் பிடிக்கலாம். எனக்குத் தெரியாத சட்டமே?" என்றவர் உடனே மகளை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன், பக்கத்துக் கொள்கலன் கதவில் நின்றவர்களும் கேட்டார்கள்.

"பிள்ளை, லைட்டை நிப்பாட்டு. ஜன்னலுக்குக் கிட்டப் போகாதை. பாத்டப்பிலை தண்ணியை நிரப்பு. போனிலை இருக்கிற படமெல்லாத்தையும் அழி. ஆர் தட்டினாலும் திறக்காதை."

"அப்பா, நான் வெளியில நிக்கிறன்."

"என்ன?"

"பார்லிமென்ட்டுக்குப் போறம். ரூம்மேட்டும் நானும். எல்லாரும் போகினம் அப்பா. எம்பிமார் உள்ள போய் வோட் பண்ணினா இதை நிப்பாட்டலாமாம். ஆமி விடாதாம். அதான் சனம் போகுது."

"விசரே உனக்கு? நீ அந்த நாட்டுக்காரியே? விசா போயிடும். வீட்டை போ!"

"அவளைத் தனியப் போ எண்டு சொல்லேலாதப்பா. பேந்து கதைக்கிறன்."

அதற்குப் பிறகு போன் எடுபடவில்லை. இவர் நாற்பது தரம் அடித்தார். ஒவ்வொரு தரமும் ஒரு கொரியப் பெண் குரல் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னது. "உவள் என்ன சொல்லுறாள்? பிடிச்சிட்டாங்கள் எண்டு சொல்லுறாளோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன கொரிய மொழி தெரியும்?

நடுவில் அவருடைய மனைவி யோசெப்பின் அக்கா எனக்குப் போன் அடித்தார். அவர் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். பின்னால் பத்துக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. "தம்பி, லக்சனா இருக்கிற இடத்திலை பிரச்சினையாம். அந்தாளுக்குச் சொல்லிப்போடாதையும், பிரஷர் ஏறிடும்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் என் கையைப் பிடித்தார். "றஜி, மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டாள்." இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முழிப்பதும் என் வேலையாகிவிட்டது.

வீட்டுக்குப் போங்கள் என்றால் போகவில்லை. இருங்கள் என்றால் இருக்கவில்லை. கத்தரியைத் தூக்கிக்கொண்டு கொள்கலன் கொள்கலனாக நடந்தார். பதினொரு மணிக்கு, பாராளுமன்றம் கூடிச் சட்டத்தை நீக்கும்படி வாக்களித்துவிட்டது என்று செய்தி வந்தது. உறுப்பினர்களில் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்களாம். சனம் வெளியில் நின்று ஆமியை மறித்ததாம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆமி போயிட்டுதோ?"

"வெளிக்கிடுதாம் அண்ணை."

"வெளிக்கிடுதாமோ, போயிட்டுதோ?"

"அண்ணை, வோட் பண்ணி வெண்டிட்டாங்கள்!"

"ஊரிலை எங்கடை பாராளுமன்றத்திலையும் மாசா மாசம் வோட் பண்ணினவைதான். அவசரகாலச் சட்டத்தை நீடிக்கிறதுக்கு." இதைச் சொல்லிவிட்டு அடுத்த கொள்கலனின் சீல் முத்திரையை வெட்டினார். மூன்று தரம் தட்டினார். காதை வைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பாரந்தூக்கியை நிறுத்திவிட்டு இறங்கினேன். "உள்ளை தக்காளி ரின் அண்ணை! தக்காளி ரின் இருக்குது! அதுக்கு ஏன் தட்டுறியள்? பதினொரு வருசமாப் பாக்கிறன். தட்டுறதும், ஆர் ஆர் எண்டு கேக்கிறதும்! மனிசனுக்குப் பைத்தியம் பிடிக்கும்!"

அவர் கையை எடுக்கவில்லை. இரும்பில் வைத்தபடியே சொன்னார்.

"அண்டைக்கு நாங்கள் ஆர் எண்டு கேக்கேல்லை."

எண்பதுகளில் ஒரு நாள், பட்டப்பகலில் ஊரடங்கு. ஊரில், குருநகரில் அவர்களுடைய வீட்டில் எல்லோரும் சத்தம் காட்டாமல் தரையில் படுத்திருந்தார்கள். தம்பி அன்டன் மட்டும் இல்லை. காலையில் பாண் வாங்கப் போனவன் எங்கேயோ அகப்பட்டுக்கொண்டான். மத்தியானம் கதவில் மூன்று தரம் தட்டுப்பட்டது. எழும்பிப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தவர் வின்சன்ட் அண்ணை. ஆமி என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். இன்னும் மூன்று தரம் தட்டுப்பட்டது. பிறகு இல்லை.

"பேந்து முன்வீட்டுக்காரர் சொன்னவை. அன்டன்தான் வந்து தட்டினவன் எண்டு. தட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவனாம். அதுக்குப் பிறகு அவனைக் கண்ட ஒருத்தரும் இல்லை." இரும்பைத் தடவிக்கொண்டு, "ஒரு சொல்லு. ஆர் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, நான்தான் அண்ணை எண்டு சொல்லியிருப்பான்" என்றார்.

"நான்தான் அண்ணை." பதினொரு வருடமாகத் தினமும் காலையில் எரிச்சலோடு நான் சொல்லி வந்த வார்த்தை. எனக்கு வெட்கமாக இருந்தது. பிரதமர் என்று சொன்ன அந்த நாளும் ஞாபகத்துக்கு வந்தது. பாரந்தூக்கியில் ஏறித் தக்காளியை இறக்கினேன்.

இரண்டரைக்குச் சட்டம் முழுதாக விலக்கப்பட்டது. ஆறு மணித்தியாலம். இரண்டே முக்காலுக்கு லக்சனாவின் அழைப்பு வந்தது.

"அப்பா, சாரி, குளிருக்கு போன் செத்துப்போச்சு. நான் ஓகே."

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "இப்ப எங்கை நிக்கிறாய்?" என்றார்.

"பார்லிமென்ட்டுக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில. கை விறைச்சுப் போச்சப்பா, ரூம்மேட்டையும் சனத்துக்கை விட்டிட்டன், பேந்துதான் கண்டுபிடிச்சன். இந்தக் கடை ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ள லைட் தெரிஞ்சுது. தட்டினன்."

"தட்டினனியோ?"

"ஓம். ஒரு அன்ரி ஷட்டரைத் தூக்கி என்னை உள்ள எடுத்தவ. சூப் தந்தவ. போன் சார்ஜ் பண்ணவும் விட்டவ."

"ஆர் எண்டு கேட்டவவே?"

"இல்லையப்பா. வந்து இரு, சாப்பிடு எண்டவ. ஏன்?"

"தட்டின உடனையோ?"

"ஓமப்பா. ஏன் கேக்கிறீங்கள்?"

அவர் முகத்தைக் கொள்கலன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அவவிட்டைப் போனைக் குடு" என்றார். தலையில் இருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் தயங்கி ஏதோ கேட்டது. பூட்டு வெட்டும் கத்தரியோடு நின்றுகொண்டு இவர், "தாங்க்யூ… டோர்… யூ ஓப்பின் டோர்… தாங்க்யூ" என்றார். அந்த அம்மா கொரிய மொழியில் நீளமாகப் பேசினார். எல்லாவற்றுக்கும் இவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். இருவரும் இரண்டு நிமிடம் அப்படியே கதைத்தார்கள்.

அதோடு மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். போன் மகளின் கைக்குத் திரும்பியதும் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். விசா போகும், வேலை போகும், கையுறை இல்லாமல் போனது எந்தப் புத்தி, அடுத்த விமானத்தில் வந்து சேர். அவளும் விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவ்வளவையும் இரண்டாம் தரம் எனக்குச் சொன்னார். பாதி வழியில் ஒரு டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், நிறுத்தச் சொல்லி இன்னும் ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கினார். இதற்கு நான் என்ன சொல்ல?

மறுநாள் காலை ஆறு ஐம்பது. படியில் புதுப் பனி. இனிமேல் எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பெயர் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு ஏறினேன். தட்டுவதற்குக் கையை எடுத்தேன். அதற்குள் உள்ளே பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது, இரண்டாவது பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி. கதவு அகலத் திறந்தது. வீட்டுச் சூடெல்லாம் என்மேல் அடித்தது. ஒரு கையில் ஏழாவது போத்தலோடு வின்சன்ட் அண்ணை எனக்கு நேர் முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர்?" என்றார்.