ஒரு வரிக்கு நாற்பது நிமிடமா?

போன செவ்வாய்க்கிழமை ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு மசாலா ஃபேக்டரிக்குள் நின்று தும்மிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டை எடை போடும் மெஷின் ஒன்றை அங்கே கொடுத்திருந்தோம். அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர், பேகம்பேட்டில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனி எழுதியது. அது நூறு கிராமைத் தொண்ணூறு என்று காட்டியது.

ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்டுக்கு மெஷின் ஓடாவிட்டால் ஆர்டர் கேன்சல். எங்களிடம் இருந்த பெரிய ஆர்டரே அது ஒன்றுதான்.

ஒன்று முப்பத்தைந்துக்குத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒரே வரி. திருத்தினேன். அடுத்து என் கை என்ன செய்தது தெரியுமா? 'க்ளீன்' என்று அடிக்க ஆரம்பித்தது! ஏற்கெனவே கம்பைல் ஆகியிருக்கும், அதாவது மெஷினுக்குப் புரியும்படி மாற்றிவைத்திருக்கும், எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை அது. பிறகு முதலிலிருந்து கம்பைல் செய்ய என் லேப்டாப்புக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

"நக்கோ சார், நக்கோ!" என்று தடுத்தார் ஸ்டெல்லா. கூட வேலை செய்பவர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். "மாத்துனது ஒரு ஃபைல். கம்ப்யூட்டரே அதை மட்டும் கம்பைல் பண்ணி மத்ததோட சேத்துக்கும். கைக்கு சார், எதுக்கு எல்லாத்தையும் அழிக்கிறீங்க?"

எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எந்த ஃபைல் எதைச் சார்ந்தது என்ற பட்டியலில் ஒருமுறை ஏதோ விட்டுப்போய், பழைய ஃபைல் ஒன்று உள்ளேயே தங்கி என் மானத்தை வாங்கியது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் க்ளீன்தான். வீட்டுச் சண்டையையே கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பிக்கிற ஆள் நான்!

"அந்த லிஸ்டைப் போன மாசம் உக்காந்து சரி பண்ணேனே சார்... என்னை நம்ப மாட்டீங்களா?"

சுருக்கென்றது. அடித்ததை அழித்தேன்.

அதோடு சும்மா இருந்தேனா? எல்லா ஃபைல்களும் பயன்படுத்தும் பொது ஃபைலில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. கை பரபரத்தது.

"ஹவ் சார், ஆமா, தப்புதான். ஆனா இப்போ அதைத் தொட்டா அத்தனையும் திரும்ப கம்பைல் ஆகும். கையை எடுங்க!"

எடுத்தேன். நாற்பதே விநாடியில் வேலை முடிந்தது.

"இத்னி ஜல்தி? இவ்ளோ சீக்கிரமா?" — ஓனருக்கு நம்பிக்கையில்லை. ஸ்டெல்லா புது சாஃப்ட்வேரை மெஷினில் ஏற்றி, பத்து பாக்கெட்டை வரிசையாக அதில் வைத்தார். பத்தும் நூறு. ஷிஃப்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிளகாய்த் தூள் என்று சமாளித்தேன்.

நன்றாக இருப்பதையும் சேர்த்து இடித்துக் கட்டுவதை இத்தனை வருடம் ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன். வெறும் பயம்!

பக்கத்து சீட்டுக்காரரின் வேலையை ஒருமுறை நம்பிப் பாருங்கள்... ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.