வாள் இல்லாத கல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு என் மகளின் வலது கை அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொண்டது. படம் பதினொன்றுக்கு. பாப்கார்ன் வரிசை நகரவில்லையே என்று அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

பழைய இங்கிலாந்துக் கதை. கல்லில் செருகிய வாளை உருவுகிறவனே அரசன். அதைப் பாட்டும் மந்திரமுமாகக் கார்ட்டூன் படமாக எடுத்திருந்தார்கள். தாம்பரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் தியேட்டரில், பிள்ளைகள் உருவிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ள, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃபைபர் கல்லை வைத்திருந்தார்கள். முதல் வாரக் கூட்டத்திலேயே வாள் உடைந்துவிட்டதாம். வாளை எடுத்தவர்கள் தகர விளிம்பு போட்ட துளையை அப்படியே திறந்து விட்டிருந்தார்கள். ஓர் அட்டையை ஒட்டி மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வாள் உள்ளே விழுந்திருக்குமோ என்று ஒன்பது வயதுப் பெண் கையை விட்டுத் துழாவினால் அது அவள் தப்பா?

"அப்பா, வரமாட்டேங்குது."

இழுத்தேன். விளிம்பு மணிக்கட்டைக் கீறியது. அலறினாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"நல்லா இழும்மா, வந்துட்டா நீதான் தாம்பரத்துக்கு மகாராணி" என்றார் ஒருவர். சிரித்தார்கள். நாலைந்து போன்கள் உயர்ந்தன. ஒருவர்கூட ஒரு மடக்கு தண்ணீர் கொடுக்கவில்லை. அழுகிற என் பெண்ணின் முகம் இப்போதும் யாரோ ஒருவர் வீட்டு வாட்ஸப் குரூப்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

மேனேஜர் வந்தார். கல்லை வெட்டச் சொன்னேன்.

"இது படக் கம்பெனியோடது சார். நாங்க கை வைக்க முடியாது. மெயில் போட்டிருக்கேன், ரிப்ளை வரட்டும்."

"மணிக்கட்டு வீங்குது சார்."

"புரியுது சார். பாப்பாவைக் கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்க. உள்ள படம் ஆரம்பிச்சாச்சு."

இருபத்தைந்து வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ பதில்களைக் கேட்டிருக்கிறேன். மெதுவாக அழச் சொன்ன பதிலை அன்றுதான் கேட்டேன். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. சாலை நெரிசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால் பாட்டு. அரங்கு முழுக்கப் பிள்ளைகள் கைதட்டினார்கள். திரையில் வாள் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ, மறுபடியும் இழுத்தேன். மேனேஜரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும். விளிம்பில் ரத்தம் கசிந்தது.

"கைய வெட்டிடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். சத்தம் வராமல் அழப் பழகியிருந்தாள்.

தியேட்டரில் தரை துடைக்கும் அம்மா ஒருவர் வாளியைக் கீழே வைத்தார். "இன்னா சார் இப்டி இழுக்கறீங்க" என்று என்னை முறைத்துவிட்டு வெளியே போனார். இவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். கூடவே மார்க்கெட் சந்தில் வளையல் கடை வைத்திருக்கும் பெண்மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவர் மேனேஜரையோ கூட்டத்தையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கல்லின் பக்கத்தில் மண்டி போட்டார்.

"நீங்க மொதல்ல கைய வுடுங்க சார்."

விட்டேன்.

"இன்னா கலர் வளையல் வோணும் கண்ணு?"

விக்கலுக்கு நடுவே, "பச்சை" என்றாள் மகள்.

"கண்ணாடியா, மெட்டலா?"

பேசிக்கொண்டே கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கை வழுக்கி வர, மணிக்கட்டை ஒட்டிக் கவரை நுழைத்தார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொள்ளச் சொன்னார். கண்ணாடியே போதும் என்று மகள் சொல்லி முடிக்கும்போது கை வெளியே இருந்தது. மேனேஜர் குனிந்து கல்லில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார்.

வளையல்காரம்மா தன் முந்தானையால் மகளின் மணிக்கட்டைத் துடைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"இழுத்தா வளையலே வராது சார். கொயந்த கை எப்டி வரும்?"