பிரிந்ததற்குச் சாட்சி தேடியது

என் கணவர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் ஊர் உலகத்துக்கு நாங்கள் ஒற்றுமையான குடும்பம். அவர் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் தனி அறையில் இருந்தார். அரசாங்கப் பதிவில் மட்டும் கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டு விலாசம். கலியாண வீடு, கோயில் என்றால் காரில் வந்து எங்களை ஏற்றுவார். விருந்து முடிய வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மகளுக்கென்று ஒரு குரோனர் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை; மானம் பெரிதல்லவா?

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். என் தம்பி குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றே எனக்கு அன்று தெரியாது. எல்லோரும் உண்மையாகத்தான் அழுதோம். அப்போது என் கணவர் மைக்கைப் பிடித்து, "தகப்பன் இல்லாத பிள்ளையளை இனி நாங்கள்தான் பாக்கோணும்" என்று தழுதழுத்தார். விரல் முட்டுகிற பழைய சப்பாத்தோடு அவர் பெற்ற பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். தகப்பன் எவ்வளவு தரவேண்டும் என்று அரசு தீர்மானிக்கும், அவர் தராவிட்டால் கொம்யூன் தந்துவிட்டுப் பிறகு அவரிடம் அறவிடும் என்றாள் அங்கிருந்த பெண். கேட்கத் தேனாக இருந்தது. பிறகு கணினியைப் பார்த்தாள். கணவர் உங்களோடுதானே இருக்கிறார் என்றாள்.

அவரிடமும் எழுதிக் கேட்டார்கள். நாங்கள் ஒரே வீட்டில் சந்தோஷமாக வாழ்கிறோம் என்று அந்த மகான் பதில் போட்டார். ஒரு செலவும் இல்லாத குடும்ப வாழ்க்கை, கசக்குமா என்ன? பிரிந்திருப்பதை அறிந்த ஒருவரின் கடிதம் வேண்டும் என்றது கொம்யூன். யாரிடம் கேட்பது? அவ்வளவு திறமாக நடித்து வைத்திருந்தோம்.

வேறு வழியில்லாமல், எங்கள் தெருவில் இருந்த தமிழ் அக்கா ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"ஓம், எழுதித் தாறன். எங்க எல்லாருக்கும் தெரியும் பிள்ளை."

"எப்ப தொடக்கம் அக்கா?"

"முதல் கிழமையே. உன்ர மகள்தான் என்ர மகளிட்டச் சொன்னவள். ரண்டும் டேனிஷில குசுகுசுத்தது எனக்கும் கேட்டது. அப்பா வேற வீட்டில, ஆனா அம்மாட்டக் கேக்காதேங்கோ, அம்மா பாவம் எண்டாள்."

அப்போது அவளுக்கு ஏழு வயது. நான் நோகக்கூடாதென்று, வெளியே சொன்னதை இரண்டு வருடம் என்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். அக்கா கடிதத்தை எழுதி முடிக்கும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை.