கேட்காமல் தழுவிய கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்போது ஒரு வார இதழில் என் சிறுகதை வந்தது. கல்யாணமான ஏழு வருஷத்தில் என் கணவர் என்னைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசியது அப்போதுதான். பத்துப் பிரதிகள் வாங்கி அடையாறில் எங்கள் தெரு முழுக்கக் கொடுத்தார்.

லஸ் முனை நடைபாதையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த கதை அது. இதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. அதில் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத ஒரு கணவனும் மனைவியும் நாயிடம் பேசுவதுபோலவே ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். நான் நாயைக் கிளியாக்கினேன், பனியை மழையாக்கினேன். என் மனசாட்சிக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாடக அழைப்பிதழோடு வந்தார். "மயிலாப்பூர் சபாவுல பார்த்தேன். கிளி, சண்டை எல்லாம் உங்க வீட்டம்மா கதையேதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நாடக ஆசிரியர் வீட்டுக்கே போய்விட்டார் என் கணவர். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

நாடக ஆசிரியர் ரிட்டயரான அதிகாரி. எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"சார், இது திருட்டு" என்றார் என் கணவர்.

"திருட்டுன்னு சொல்லப்படாது. தழுவல்."

"தழுவறதுன்னா கட்டிப்பிடிக்கிறது. என் மனைவி கதையை அவளைக் கேக்காம நீங்க எப்படி சார் கட்டிப்பிடிக்கலாம்?"

சமையலறையிலிருந்து நாடக ஆசிரியரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

கணவர் அழைப்பிதழை நீட்டினார். 'ஓர் ஆங்கிலக் கதையின் தழுவல்' என்று அதில் அச்சடித்திருந்தது. எனக்குக் காபி புரையேறியது. மனிதர் கண்டுபிடித்துவிட்டாரா?

"இது எந்த இங்கிலீஷ் கதை சார்?" என்றார் என் கணவர்.

"இங்கிலீஷாவது ஒண்ணாவது! வாரப் பத்திரிகைக் கதைன்னு போட்டா யார் வருவா? இங்கிலீஷ்னா முன் வரிசை நிறைஞ்சுடும். கதை உங்காத்து மாமியோடதுதான், சத்தியமா."

பொய் என்று நினைத்து அவர் அச்சடித்த அந்த ஒரு வரிதான் அங்கே இருந்த ஒரே உண்மை.

அவரே இறங்கி வந்தார். "அடுத்த காட்சிக்கு மூலக்கதைன்னு உங்க பேரைப் பெரிசாப் போட்டுடறேம்மா."

"ஐயையோ, வேண்டாம் சார். இங்கிலீஷ்னே இருக்கட்டும்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!" என்று நாடக ஆசிரியர் கைகூப்பி, இரண்டு பாஸ் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை சபாவில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கடைசிக் காட்சியில் தண்ணி லாரி வருகிறது. குடத்தைத் தனியாகத் தூக்க முடியாத கணவன் மனைவியைப் பார்த்து, "பிடி" என்கிறான். பத்து வருஷத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அரங்கம் கைதட்டியது. இங்கிலீஷ்காரனுக்கு ஏது தண்ணி லாரி? கதை முழுவதிலும் அந்த ஒரு காட்சிதான் என் சொந்தச் சரக்கு. எங்கள் தெருவில் கண்ணால் பார்த்து எழுதியது.

பக்கத்து நாற்காலி மாமா என் பக்கம் திரும்பினார். "இந்த லாரி சீன் இங்கிலீஷ்ல இன்னும் நன்னா இருக்கும். நான் படிச்சிருக்கேன்."

என் கணவர் சண்டைக்கு எழுந்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாமே அந்தப் புத்தகமா?"

"லாரி மட்டும் என்னுதுங்க."

வண்டியைக் கிளப்பினார். அடையாறு பாலம் வரும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வே இல்லை. பக்கத்து வீட்டைக் கேட்டு நான் வைத்த வத்தக்குழம்பு தழுவல். அவர் தம்பியிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட சட்டையும் தழுவல். ஒருநாள் எங்கள் மகள் தோழியின் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதி மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டு, "காப்பி அடிச்சிருக்கா சார்" என்றார் டீச்சர்.

"அப்படிச் சொல்லக்கூடாது மிஸ், தழுவல்" என்றார் என் கணவர்.

டீச்சர் சிரிக்கவில்லை.