எந்தப் பாதல்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனி டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு குதிரையை வண்டிக்காரனுக்கு விற்கப் பார்த்தாய்" என்றார். இருபத்திரண்டு வருஷ ஸ்டெனோ வாழ்க்கையில் என் மேல் என்னென்னவோ புகார் வந்திருக்கிறது. கமாவை விட்டுவிட்டாய், கார்பனைத் திருப்பி வைத்துவிட்டாய்... குதிரை வியாபாரம் இதுதான் முதல் தடவை.

எங்கள் டைரக்டர் இங்கே கல்கத்தாவில் ஒரு போலோ கிளப்புக்குக் கௌரவச் செயலாளர். கௌரவம் அவருக்கு, செயல் எனக்கு. கிளப்பின் கடிதம், அழைப்பிதழ், கூட்டக் குறிப்பு எல்லாம் என் டைப்ரைட்டரில்தான். இதைப் போய்ப் பத்திரிகையில் எழுதலாமா என்று பதறாதீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது.

போலோ தெரியுமில்லையா? குதிரை மேல் உட்கார்ந்து நீளக் கம்பால் பந்தை அடிக்கிற ஆட்டம். குதிரை ஓடும், குதிரை திரும்பும், குதிரைக்கு வியர்க்கும். கோப்பையை மட்டும் மேலே உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்வார்.

மூன்று வாரத்துக்கு முன் வருடாந்தரக் கூட்டம். டைரக்டர் சீசன் அறிக்கையை வாசித்தார். "மகத்தான சீசன்" என்று ஆரம்பம். என்ன மகத்துவம்? இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரே சட்டை நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தங்களைத் தாங்களே ஜெயித்தார்கள். "பெருந்திரளான ரசிகர்கள்" என்று ஒரு வரி வேறு. கிரிக்கெட் மாட்சுக்கு டிக்கெட் கிடைக்காத கூட்டம் இங்கே வந்து வேர்க்கடலை தின்றுவிட்டுப் போனது. நான் பார்த்தேனே!

அடுத்த சீசனுக்கான திட்டங்கள் இன்னும் பிரமாதம். சீமாட்டிகள் உட்காரக் கலர் பந்தல். வெளிநாட்டு டீம் ஒன்றுக்கு அழைப்பு. அப்புறம், மைதானத்தில் மேயும் ஆடுகளைத் தடுக்க ஒரு சப்-கமிட்டி. ஊரே மண்ணெண்ணெய்க்கு கியூவில் நிற்கிறது — இங்கே ஆடு துரத்த ஐந்து பெரிய மனிதர்கள். பாதிப் பேச்சில் லோட் ஷெடிங் வந்து ஃபேன் நின்றது. அதற்குத்தான் அவர்கள் முகம் வாடியது.

கடைசியில் பாதல் விஷயம் வந்தது.

கிளப்பில் இரண்டு பாதல். ஒருவர் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்து எனக்கு அவர் 'பாதல் தா', அவருக்கு நான் 'தாதா'. இன்னொன்று குதிரை. பாதல் என்றால் மேகம். மழை நாளில் வந்து சேர்ந்ததாம், அதனால் அந்தப் பெயர். லாயத்தில் ஏற்கெனவே ஒரு மனுஷனுக்கு அந்தப் பெயர் இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்தில் குதிரை சறுக்கி, ஓரமாக மாற்றுக் கம்போடு நின்ற பாதல் தா மேலேயே விழுந்தது. குதிரைக்கு முன்னங்கால் சுளுக்கு. அவருக்கு முழங்கால் முறிவு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"தாதா, நீங்க கமிட்டியிலே கூட உட்கார்ந்து எழுதறவரு. என்னை அனுப்பிடுவாங்களா?" என்று வங்காளியில் கேட்டார். "வேலை போனா லாயத்துக்குப் பின்னாலே இருக்கிற ரூமும் போயிடும். பொண்டாட்டி பிள்ளைங்களை எங்கே கொண்டு வைப்பேன்?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ, தெரியவில்லை.

கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமினார். "பாதல் ஏழு வருஷம் நமக்கு விசுவாசமாக உழைத்திருக்கிறான். மூன்று மாதம் முழு ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல டாக்டர்." குரல் தழுதழுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களைப் போய் இத்தனை நாள் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஐந்தாம் தீர்மானம் என்று எழுதிக்கொண்டேன். யாரோ, "அந்த இன்னொரு பாதல்?" என்றார்கள். "இனி உபயோகப்பட மாட்டான். அனுப்பிவிடலாம்" என்றார் தலைவர். ஆறாம் தீர்மானம். ஐயோ பாவம் குதிரை என்று நினைத்தேன். அவர்கள் இங்கிலீஷில் குதிரையும் 'ஹி', மனுஷனும் 'ஹி'.

குறிப்பில் இரண்டு இடத்திலும் வெறும் 'பாதல்' என்றே அடித்தேன். லாயத்து கிளார்க் பாபு, "எது எந்தப் பாதல்?" என்று கேட்டார். "இதிலென்ன சந்தேகம்? ரெஸ்ட் மனுஷனுக்கு. போகிறது குதிரை" என்றேன்.

மூன்று மாத ரெஸ்ட் என்று பாதல் தாவுக்குக் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. குதிரையைப் பார்க்கக் கிடர்பூரிலிருந்து ஒரு வண்டிக்காரர் வந்தார். அவர் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் டைரக்டரின் கார் வந்து நின்றது. அதுதான் போன செவ்வாய்.

அவர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. விசுவாசம், நல்ல சாப்பாடு, தழுதழுத்த குரல்... அத்தனையும் குதிரைக்கு. கொடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கும் வலிக்கும். ஆனால் அதே வாயால், அடுத்த மூச்சில், கால் உடைந்த மனுஷனை வெளியே போ என்று சொல்ல முடிகிறதே!

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "குதிரைக்கு மூணு மாசமா?" என்றாள் மனைவி. "உங்கப்பா காரியத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டப்போ உங்களை என்ன பாடு படுத்தினா, ஞாபகமிருக்கோன்னோ?"

மறுநாள் காலை டைரக்டர் திருத்தம் சொன்னார். தமிழில் போட்டால் இப்படி வரும்: "ஐந்தாம் தீர்மானத்தில் 'பாதல்' என்பதைப் 'பாதல்' என்று திருத்தி வாசிக்கவும். ஆறாம் தீர்மானத்திலும் 'பாதல்' என்பதைப் 'பாதல்' என்று திருத்தி வாசிக்கவும்."

பென்சிலை நிறுத்தினேன். "சார், எந்தப் பாதல் என்று ஒரு வார்த்தை சேர்த்தால்..."

"பாதலைத் தெரியாதவர் கிளப்பில் யார் இருக்கிறார்கள்? சொன்னதை அடி."

சொன்னதை அடிப்பதுதானே ஸ்டெனோவின் வேலை? ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தேன். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கிளார்க் பாபு அந்தத் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"குதிரைக்கு ரெஸ்ட். சாஹேபே நேரிலே வந்து சொல்லிட்டார்" என்றார் நிதானமாக. "பாதலுக்கும் ரெஸ்ட். கடிதம் போயாச்சு, அதை மாத்தச் சொல்லி இந்தத் தாளிலே ஒண்ணும் இல்லே. ஆறாம் தீர்மானத்திலே போக வேண்டிய பாதல் யாருன்னு..." ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்தார். "டிக் ஆச்சே" என்றார் வங்காளியில். சரியாகத்தான் இருக்கிறதாம்.

முந்தாநாள் பாதல் தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அதே ரூம். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு லாயத்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் டைரக்டரும் தினம் வருகிறார், குதிரையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. அந்தக் காலைத் தாண்டித்தான் உள்ளே போகிறார், தாண்டித்தான் வெளியே வருகிறார்.

பாதல் தா இன்னும் அவர் கண்ணில் படவில்லை. படாமலே இருக்கட்டும்.